புது ஆல்பத்தின் தேதியை முடிவு செய்வது கால்பந்து அட்டவணை

2022 நவம்பர் 28, திங்கட்கிழமை. அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவான மெட்டாலிகா ஒரே நாளில் மூன்று காரியங்களைச் செய்தது. மூன்றரை நிமிடம்கூட ஓடாத ஒரு புதுப் பாட்டை வெளியே விட்டது. ‘72 சீசன்ஸ்’ என்ற ஆல்பம் 2023 ஏப்ரல் 14 அன்று வரும் என்றது. 2023, 2024 இரண்டு வருடத்துக்குமான ஸ்டேடியம் டூர் தேதிகளையும் கையோடு அறிவித்தது. ஆல்பம் கடைக்கு வர நாலரை மாதம் இருந்தது. டிக்கெட் பொது விற்பனைக்கு நாலே நாள்.

புதிதாகக் கிளம்பும் குழு முதலில் பாட்டை விடும். அது நாலு பேருக்குப் பிடித்துப்போனால் ஊர் ஊராகப் போகும். 1981-ல் தொடங்கிய குழுவுக்குக் கணக்கு தலைகீழ். ஸ்டேடியம் நிரம்பப் பழைய பாட்டே போதும். ஆனால் ‘போன தடவைதான் பார்த்தாச்சே’ என்று உட்கார்ந்திருக்கும் ஐம்பது வயதுக்காரரைக் கிளப்ப ஒரு சாக்கு வேண்டும். ஆல்பம்தான் அந்தச் சாக்கு. அதனால் டூர் தேதியை வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணித்தான் ஆல்பத்துக்கு நாள் குறிக்கிறார்கள். ஸ்டூடியோவில் பாட்டு என்றைக்கு முடிந்தது என்பதற்கு இங்கே பெரிய மரியாதை கிடையாது.

டூர் தேதியையாவது குழு தன் இஷ்டத்துக்கு வைக்கிறதா என்றால், அதுவும் இல்லை. ஐரோப்பாவின் பெரிய ஸ்டேடியங்கள் ஆகஸ்டிலிருந்து மே வரை கால்பந்துக் கிளப்புகள் கையில். அமெரிக்காவில் செப்டம்பர் முதல் ஜனவரி வரை அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். மிஞ்சுவது கோடைதான், அதற்கும் உலகத்தில் இருக்கிற பெரிய குழுக்கள் எல்லாம் வரிசையில் நிற்கும். எம்72 என்று பெயர் வைத்த இந்த டூரின் முதல் வருடத்தை இப்படிப் பார்த்தால் உடனே புரியும். ஏப்ரல் 27, 29 ஆம்ஸ்டர்டாம் (அந்த ஸ்டேடியத்தின் சொந்த அணியான அயாக்ஸ் 30-ஆம் தேதி கோப்பை இறுதி ஆட்டம் ஆடியது ராட்டர்டாமில்). மே மாதம் பாரிஸ், ஹாம்பர்க். ஜூனில் இங்கிலாந்தின் டானிங்டனில் டவுன்லோட் இசைத் திருவிழாவும் கோத்தன்பர்க்கும். ஆகஸ்ட் முழுக்க அமெரிக்கா, நடுவில் மாண்ட்ரியல். செப்டம்பர் 1-ல் ஃபீனிக்ஸ். அமெரிக்கக் கால்பந்து தொடங்கும் நேரத்தில் அந்தச் சுற்று முடிந்தது, நவம்பரில் இரண்டு ஊர் மட்டும் மிச்சம்.

முதல் காட்சி ஏப்ரல் 27 என்று ஆனபின், ஆல்பம் அதற்குச் சற்று முன்னால் ஒரு வெள்ளிக்கிழமையில் விழ வேண்டும். 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்கப் புது இசை வெள்ளிக்கிழமைதான் வெளிவருகிறது. விற்பனைப் பட்டியலின் வாரமும் வெள்ளி தொடங்கி வியாழனில் முடிகிறது. ஏப்ரல் 14 வெள்ளி. முதல் காட்சிக்கு 13 நாள் முன்னால். ரசிகர் பாட்டை நாலைந்து முறை கேட்டு வாயில் முணுமுணுக்க இந்த இடைவெளி போதும். மறந்துபோகும் அளவுக்கு நீளமும் இல்லை.

இந்த எண்ணிக்கையில் பலர் கோட்டை விடுகிற இடம் இசைத்தட்டு. பாட்டை ஸ்ட்ரீமிங்கில் ஏற்றச் சில நாள் போதும். வினைல் அப்படி இல்லை, தொழிற்சாலைச் சாமான் அது.

77 நிமிட ஆல்பத்தையே எடுத்துக்கொள்வோம். 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் 33⅓ வேகத்தில் 18 முதல் 22 நிமிடம் வரை சத்தம் கெடாமல் ஒலிப்பள்ளம் வெட்டலாம். ஆக நாலு பக்கம், இரண்டு தட்டு. 12 பாட்டை மூன்று மூன்றாகப் பிரித்தால் கடைசிப் பக்கம் 21 நிமிடத்தைத் தாண்டுகிறது. அதிலும் கடைசியாக வருவது 11 நிமிடப் பாட்டு. இது ஏன் தொல்லை? தட்டு ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது. விளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது என்றால், நடுவட்டம் நெருங்கும்போது அது 21 செ.மீ.க்குச் சுருங்கிவிடும். அதே ஒலியை பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுத வேண்டும். சிம்பல் சத்தமும் ‘ஸ்’ ஒலியும் அங்கே முதலில் கரகரக்கும். அதனால் வெட்டுகிறவர் அந்தப் பக்கத்தின் ஒலி அளவைக் கொஞ்சம் தாழ்த்தி, உச்ச ஒலிகளை அடக்கி வெட்டுவார். சி.டி.க்குச் செய்த மாஸ்டரையே (இறுதி ஒலிப்பதிவு) அப்படியே வெட்டக் கொடுப்பது சோம்பேறித்தனம். தட்டைப் போட்டதுமே அது காதில் தெரிந்துவிடும்.

பள்ளம் வெட்டிய அசல் தட்டான லாக்கரிலிருந்து நிக்கல் அச்சு எடுக்க வேண்டும், அதில் சோதனைத் தட்டு ஐந்தாறு அடிக்க வேண்டும். அதைக் கேட்டு ஒப்புதல் தருவதற்குள் வாரங்கள் ஓடும். துளை மையம் விலகியிருந்தால் சுருதி ஆடும். பி.வி.சி. பள்ளத்துக்குள் சரியாக நிறையாவிட்டால் துணி கிழிவதுபோல ஒரு ஓசை வரும். ஆறும் முன் எடுத்து அடுக்கினால் தட்டு அப்பளமாக வளையும். இதில் எது வந்தாலும் திரும்ப முதல்படி.

பிறகு எண்ணிக்கை. 50,000 பிரதி என்று ஒரு பேச்சுக்கு வையுங்கள். இரண்டு தட்டு என்பதால் 1 லட்சம் தட்டு அடிக்க வேண்டும். ஒரு தட்டுக்கு 30 நொடி, மணிக்கு 120, நாளுக்கு 20 மணி நேரம் ஓட்டினால் 2,400. ஒரே இயந்திரம் என்றால் 42 நாள். ஒரு அச்சு ஆயிரம் தட்டு சுமாருக்குத் தாங்கும். தட்டுக்கு இரண்டு பக்கம், ஆக 200 அச்சு. பழுது, வரிசை, உறை அச்சடிப்பு எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. 2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் பானிங் ஊரில் இருந்த அப்பல்லோ மாஸ்டர்ஸ் தொழிற்சாலை எரிந்துபோனது. வெட்டுவதற்கான லாக்கர் தட்டு செய்ய உலகத்தில் இருந்ததே இரண்டு இடம், அதில் ஒன்று இது. அதற்கு மேல் பெருந்தொற்றுக் காலத்தில் வினைல் மோகமும் சேர்ந்துகொள்ள, 2021, 2022-ல் அச்சகங்களில் காத்திருப்பு எட்டு மாதம், பத்து மாதம் என்று போனது. மெட்டாலிகா இந்தத் தலைவலிக்குப் பணக்காரன் வைத்தியம் பார்த்தது. வர்ஜீனியாவில் உள்ள ஃபர்னஸ் என்ற தட்டு அச்சகத்தின் பெரும்பங்கையே 2023 மார்ச்சில் வாங்கிவிட்டது. 2012-லேயே தன் பழைய பதிவுகளின் உரிமையைத் திரும்பப் பெற்று பிளாக்கண்ட் ரெக்கார்டிங்ஸ் என்று சொந்த லேபிள் வைத்திருக்கும் குழு. பாட்டும் அதனுடையது, அதை அடிக்கும் இயந்திரமும் ஏறக்குறைய அதனுடையது.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், பழைய குழுவின் ரசிகர் இன்னும் கையில் பிடிக்கும் பொருளை வாங்குகிறவர். ‘72 சீசன்ஸ்’ முதல் வாரம் அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் இரண்டாம் இடத்தில் நுழைந்தது, சுமார் 1,46,000 அலகு. அதில் 1,34,000 அளவுக்கு ஆல்பமாகவே விற்றது. அன்றைய விதிப்படி கட்டண ஸ்ட்ரீமிங்கில் 1,250 தடவை கேட்டால்தான் ஒரு ஆல்பம் விற்ற கணக்கு, இலவசக் கணக்கில் 3,750 தடவை. ஸ்ட்ரீமிங்கை மட்டும் நம்பியிருந்தால் பட்டியலில் எங்கே கிடந்திருக்கும் என்று நீங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

டிக்கெட்டோடு ஆல்பத்தைக் கட்டிக் கொடுத்து எண்ணிக்கையை ஏற்றுவது இன்னொரு பழைய வித்தை. 2018-ல் பான் ஜோவியின் ஒன்றரை வருடப் பழைய ஆல்பம் இப்படித்தான் திடீரென முதலிடத்துக்கு வந்தது, அடுத்த வாரமே முதல் நூறை விட்டே காணாமல் போனது. 2020-ல் பில்போர்டு அந்தக் கதவைச் சாத்திவிட்டது. நல்ல காரியம்.

நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் நடுவே சும்மா இருந்தால் ஊர் மறந்துவிடும். அதனால் ஜனவரி 19, மார்ச் 1, மார்ச் 30 என்று மேலும் மூன்று பாட்டு. ஏப்ரல் 13 இரவு உலகம் முழுக்கத் தியேட்டர்களில் முழு ஆல்பத்தையும் ஒருமுறை ஓட்டினார்கள். இன்னொரு பழைய ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸ் இதே 2023-ல் வேறு வழியில் போனது. ஆகஸ்டில் லண்டனின் ஹாக்னி கெஸட் என்ற உள்ளூர்ப் பத்திரிகையில் ‘கண்ணாடி பழுது பார்க்கிறோம்’ என்று ஒரு கடை விளம்பரம். அப்படி ஒரு கடையே கிடையாது. 18 வருடத்துக்குப் பிறகு அவர்கள் எழுதிய புதுப் பாட்டுகளின் ஆல்பத்துக்கான முன்னோட்டம் அது. செலவு சொற்பம், பேச்சு உலகம் முழுக்க.

டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். எம்72-ல் ஒவ்வொரு ஊரிலும் இரண்டு இரவு, பெரும்பாலும் வெள்ளியும் ஞாயிறும். இரவுக்கு 16 பாட்டு, இரண்டாம் இரவில் முதல் இரவின் பாட்டு ஒன்றுகூட வராது. டிசம்பர் 2-ல் இரண்டு நாள் டிக்கெட்டை மட்டும் திறந்தார்கள். ஒரு நாள் டிக்கெட் ஜனவரி 20-க்குத்தான் வந்தது. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் ஒரு நாள் மட்டும் வர முடிகிறவருக்கு இது நெருடல். ஆம்ஸ்டர்டாமில் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ முதல் இரவு, ‘என்டர் சாண்ட்மேன்’ இரண்டாம் இரவு. இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

விலையில் மானத்தைக் காப்பாற்றிய குழு என்றால் பிரிட்டனின் ராக் குழுவான தி க்யூர். 2023 அமெரிக்க டூருக்கு அதன் பாடகர் ராபர்ட் ஸ்மித் வைத்த நிபந்தனைகள்: தேவைக்கேற்ப ஏறும் விலை கிடையாது, கூடுதல் விலைக்கு விற்கும் ‘பிளாட்டினம்’ இருக்கை கிடையாது, சட்டம் இடம் கொடுக்கும் மாநிலங்களில் டிக்கெட்டைக் கைமாற்ற முடியாது, விற்க வேண்டுமானால் வாங்கிய விலைக்கே. குறைந்த டிக்கெட் 20 டாலர். ஆனாலும் ஓட்டை இருந்தது. மேல்கட்டணங்கள் சேர்ந்து சிலருக்கு டிக்கெட் விலையையே தாண்டிவிட்டன. ஸ்மித் வெளிப்படையாகக் கத்திய பிறகு டிக்கெட் விற்ற நிறுவனமான டிக்கெட்மாஸ்டர் மலிவு டிக்கெட் வாங்கியவர்களுக்கு 10 டாலரும் மற்றவர்களுக்கு 5 டாலரும் திருப்பித் தந்தது. டிக்கெட் விலையைக் குழு பேசி முடிக்கலாம். மேல்கட்டணம் அரங்கமும் டிக்கெட் நிறுவனமும் அமைப்பாளரும் பங்குபோடுகிற பணம், அதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்காவிட்டால் இப்படித்தான் ஆகும்.

மேடைக்குப் போவோம். எம்72 மேடை ஒரு வளையம், உளுந்து வடை மாதிரி. ஓட்டைக்குள்ளும் ரசிகர்கள் நிற்கிறார்கள். சுற்றி எட்டுக் கோபுரங்கள், திரையும் ஒலிபெருக்கியும் அவற்றில். ஸ்டேடியத்தின் ஒரு முனையில் மேடை போட்டால் அதன் பின்னால் இருக்கும் இருக்கைகள் விற்காது. நடுவில் போட்டால் சுற்றிலும் விற்கலாம். அந்த லாபத்துக்காக ஏற்றுக்கொண்ட சிக்கல்கள் கொஞ்சம் இல்லை.

முதலாவது இரும்பு. மொத்தம் 87 லாரி. 45 லாரி ஒலி, ஒளி, திரை, வாத்தியங்கள் என்று குழுவோடு ஊர் ஊராகப் போகும். மேடைச் சட்டமும் கோபுரமும் இரண்டு செட், செட்டுக்கு 21 லாரி. ஒரு ஊரில் காட்சி நடக்கும்போதே அடுத்த ஊரில் இரண்டாவது செட்டை நிறுத்திக்கொண்டிருப்பார்கள், தவளைப் பாய்ச்சல் கணக்கு. ஒரு செட்டோடு ஓட்டினால் வாரம் ஒரு ஊர் என்பது நடக்காது. இத்தனையையும் ஒரே இரவுக்காக ஏற்றி இறக்கினால் கட்டுப்படியாகாது என்பதும் இரண்டு இரவு ஏற்பாட்டுக்கு ஒரு காரணம்.

இரண்டாவது, ஒலியின் வேகம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 20 டிகிரியில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும். வளையத்தின் இந்தப் பக்கம் கிட்டார், 30 மீட்டர் தள்ளி டிரம்ஸ் என்றால் டிரம்ஸ் அடி கிட்டார்காரர் காதுக்கு வர 87 மில்லிநொடி. நிமிடத்துக்கு 180 தாள அடி வேகத்தில் ஒரு அடியை நாலாகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் 83 மில்லிநொடி. அதாவது காதில் விழுவதை நம்பி வாசித்தால் ஏறக்குறைய ஒரு தாள அடியில் கால் பங்கு பின்தங்குவார். தாளம் அங்கேயே குப்புற விழும். ஆகவே எல்லோருக்கும் காதுக்குள் பொருத்தும் மானிட்டர். டிரம்ஸ் சத்தம் காற்று வழியாக வராமல் ரேடியோ அலை வழியாகச் சில மில்லிநொடியில் வந்துவிடும். காதை அடைத்துக்கொண்டால் கூட்டத்தின் இரைச்சல் கேட்காது, பாடுகிறவர் தனிக் கிணற்றுக்குள் நிற்பதுபோல உணர்வார். அதற்காகக் கூட்டத்தை நோக்கித் தனி மைக் வைத்து, அந்தச் சத்தத்தையும் அளவாகக் கலந்து அனுப்புகிறார்கள்.

டிரம்ஸை உருட்டிக்கொண்டு போக முடியாது என்பதால் வளையத்தில் நாலு இடத்தில் நாலு டிரம் செட். டிரம்ஸ் வாசிக்கும் லார்ஸ் உல்ரிக் இடம் மாறுகிறார், ஒன்று கீழே போக இன்னொன்று எழும்புகிறது. பார்க்க அழகு. அடியில் நிற்கும் டெக்னீஷியனுக்கு நாலு செட் தோல் இழுத்துச் சுருதி பார்க்க வேண்டும், நாலு செட் மைக், நாலு மடங்கு கேபிள்.

பார்வையாளர் பக்கமும் நேரக்கணக்கு உண்டு. தள்ளி இருக்கும் ஒலிபெருக்கிகளை மேடை ஒலியோடு சேரும்படி தாமதப்படுத்துவார்கள். மாலை 32 டிகிரியில் ஒத்திகை பார்த்து வைத்த தாமதம் இரவு 22 டிகிரியில் தப்பாகும். 80 மீட்டரில் சுமார் 4 மில்லிநொடி. கேட்பதற்கு அற்பம், ஆனால் சொல்லின் கூர்மை மழுங்க அது போதும். நல்ல ஒலிக்காரர் வெப்பமானியைப் பக்கத்திலேயே வைத்திருப்பார்.

எல்லாம் சரி, புதுப் பாட்டை எத்தனை வாசிப்பது? கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழும் கூட்டம் எல்லா ஊரிலும் உண்டு. ராக் கச்சேரியில் புதுப் பாட்டுக்கு அந்த மரியாதை. ஆம்ஸ்டர்டாமில் மெட்டாலிகா இரவுக்கு 16-ல் மூன்று மட்டுமே புதியது. அவற்றையும் மொத்தமாக ஒரே இடத்தில் கொட்டவில்லை. முதல் இரவில் நாலு பழைய பாட்டுக்குப் பிறகு இரண்டு, நடுவில் ஒரு பழையது, பிறகு ஒன்று. தொடக்கத்திலும் முடிவிலும் புதுசு கிடையாது. இரண்டு இரவும் சேர்த்தால் 12-ல் ஆறு பாட்டு அரங்கேறிவிடுகிறது, எந்த ஒரு இரவும் அதன் பாரத்தை உணர்வதில்லை. இரு இரவு ஏற்பாட்டின் நிஜமான சாமர்த்தியம் என் கணக்கில் இதுதான்.

க்யூர் இதை முற்றிலும் புரட்டிப் போட்டது. 2022 அக்டோபர் 6, லாட்வியாவின் ரீகா நகரில் டூர் தொடங்கிய முதல் இரவின் முதல் பாட்டே யாரும் கேட்டிராதது. ஆல்பமோ 2024 நவம்பர் 1-ல்தான் வந்தது, இரண்டு வருடம் கழித்து. அதில் இருந்த எட்டுப் பாட்டில் ஐந்தை ஏற்கெனவே ஊர் ஊராக வாசித்திருந்தார்கள். செல்பேசியில் பிடித்த பதிவுகள் யூடியூபில் சுற்றின. லேபிள்காரர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற காரியம். ஆனால் பலன் என்ன? ஆல்பம் வந்தபோது தீவிர ரசிகருக்கு வரிகள் மனப்பாடம், நல்ல பதிவு மட்டும்தான் பாக்கி. பிரிட்டனில் நேராக முதலிடம். எல்லாக் குழுவுக்கும் இது ஒத்துவராது. மெதுவாக, நீண்ட முன்னிசையோடு கட்டிய பாட்டு, மூன்று மணி நேரம் நிற்கத் தயாரான கூட்டம், 16 வருடம் புது ஆல்பம் இல்லாத பசி, மூன்றும் சேர்ந்ததால் நடந்தது.

மிச்சம் இருப்பது உடம்பு. மெட்டாலிகாவின் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டும் உல்ரிக்கும் 1963-ல் பிறந்தவர்கள். மெட்டாலிகா பல வருடமாக மேடையில் அரைக்கட்டை இறக்கித்தான் வாசிக்கிறது. இருபதுகளில் பதிவு செய்த உச்சத்தை இரவுக்கு இரவு அறுபதில் தொட வேண்டாம் பாருங்கள். கேட்கிற பத்தில் ஒன்பது பேருக்கு அது தெரியவும் தெரியாது. காட்சிகளுக்கு நடுவே ஒரு நாள் இடைவெளி விட்டிருப்பதும் தொண்டைக்கும் தோளுக்கும் சேர்த்துத்தான்.

அப்படியும் ஒன்று நடந்தது. 2023 செப்டம்பர் 1 ஃபீனிக்ஸ் முதல் இரவு முடிந்தது. 3-ஆம் தேதி இரண்டாம் இரவுக்கு முன் ஹெட்ஃபீல்டுக்குக் கோவிட். 2020-க்குப் பிறகு தொற்றுநோயைக் காப்பீட்டிலிருந்து விலக்கி எழுதுவது வழக்கமாகிவிட்டதால், இந்த மாதிரி ஒத்திவைப்பின் செலவு பெரும்பாலும் குழுவின் தலையிலேயே விழும். 87 லாரி, நூற்றுக்கணக்கான ஆட்கள், தினப்படி. நல்லவேளை, அந்தச் சுற்றில் அதுவே கடைசி ஊர், அடுத்த ஊரில் இரும்பு காத்துக்கொண்டிருக்கவில்லை. அந்த ஸ்டேடியத்தின் புல்தரை ஒரு தட்டில் உட்கார்ந்து வெளியே உருண்டு போகிற வகை. மேடை இன்னும் ஒரு வாரம் நின்றாலும் புல் சாகாது. அங்கே ஆடும் என்.எஃப்.எல். அணியான அரிசோனா கார்டினல்ஸின் முதல் ஆட்டம் செப்டம்பர் 10-ல், அதுவும் வாஷிங்டன் அணியின் மைதானத்தில். உள்ளூர் ஆட்டம் 17-ஆம் தேதிதான்.

எனவே காட்சி செப்டம்பர் 9-க்கு மாறியது. வெளியூரிலிருந்து இரண்டு நாள் டிக்கெட்டோடு வந்து, லீவு முடிந்து ஊர் திரும்பியவர்களுக்கு மட்டும் 16 பாட்டு இன்னும் பாக்கி.